தட்டில் எது இல்லை, எது இருக்கிறது: சைவ உணவும் உடல்நலமும்

மதிய வேளையில் இரண்டு தட்டுகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். முதல் தட்டில் குவியலாகப் பரிமாறிய வெள்ளைச் சோறு, பருப்பு அதிகம் சேராத சாம்பார், எண்ணெயில் முறுக வறுத்த உருளைக்கிழங்கு, இரண்டு அப்பளம், ஊறுகாய், கடைசியில் ஒரு கிண்ணம் பாயசம். இரண்டாவது தட்டில் அளவான சோறு, மத்தி மீன் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், அவரைக்காய்க் கூட்டு, மோர். முதலாவது சைவம், இரண்டாவது அசைவம். சைவ உணவே உடலுக்கு நல்லது என்று உறுதியாக நம்புகிறவர்கூட, இந்த இரண்டில் முதல் தட்டை ஒரு சர்க்கரை நோயாளியின் முன்னால் வைக்கத் தயங்குவார். இனி தட்டுகளை மாற்றுவோம். ஒரு பக்கம் நெய் மிதக்கும் ஆட்டுக்கறி பிரியாணியும் பொரித்த கோழியும் குளிர்பானமும். மறுபக்கம் கேழ்வரகுக் களி, கொள்ளுக் கடையல், கீரை மசியல், தயிர். இப்போது தீர்ப்பு தலைகீழாக மாறிவிடுகிறது.

சைவம் என்ற சொல் ஒரு தட்டில் எது இல்லை என்பதை நமக்குச் சொல்கிறது; எது இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. உடலோ தனக்குள் வந்து சேர்ந்ததைக் கொண்டுதான் இயங்குகிறது. சைவமா அசைவமா எது நல்லது என்ற கேள்விக்கு ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாகத் தேடிக் கண்ட விடைகள் ஒன்றோடொன்று முரண்படுவதுபோலத் தோன்றுவதற்கு இதுவே முதன்மையான காரணம் என்று நான் கருதுகிறேன். அந்த விடைகளைப் படிப்பது எப்படி, அவற்றிலிருந்து நம் வீட்டுச் சமையலுக்கு எதை எடுத்துக்கொள்ளலாம் என்பதை இந்தக் கட்டுரை தொடக்கநிலை வாசகருக்காக விளக்க முயல்கிறது.

புலால் மறுத்தலுக்கு நம்மிடம் நெடிய மரபு உண்டு. திருக்குறளில் அதற்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. ஆனால் அங்கே வள்ளுவர் அடிப்படையாகக் கொள்வது அருள் என்னும் அறத்தையே அன்றி உடல்நலத்தை அல்ல. உயிரிரக்கத்தால் இறைச்சியை விட்டவருக்கு மருத்துவ ஆய்வின் சான்று தேவையில்லை. இறைச்சி உண்பவருக்கு எதிராக அந்த அறத்தை மருத்துவ உண்மைபோல் நிறுத்துவதும் பொருந்தாது. இங்கே நாம் பேசவிருப்பது உடல்நலத்தை மட்டுமே.

சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்

நாம் சைவம் என்று சொல்லும்போது இறைச்சி, மீன், முட்டை மூன்றையும் விலக்கி, பாலையும் தயிரையும் நெய்யையும் ஏற்றுக்கொள்ளும் உணவைக் குறிக்கிறோம். மேற்கு நாடுகளில் சைவர் என்று தம்மைச் சொல்லிக்கொள்பவர் பெரும்பாலும் முட்டையும் உண்பவர். மீனை மட்டும் உண்பவர்கள் அங்கே தனிப் பிரிவு. பால் உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் தொடாதவர்கள் வீகன் எனப்படுகிறார்கள். தமிழில் நனிசைவர் என்ற சொல் இப்போது வழக்கத்துக்கு வந்திருக்கிறது. இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ நடந்த ஓர் ஆய்வின் முடிவை நாளிதழில் படிக்கும்போது, அங்குள்ள சைவர் காலையில் முட்டையும் முழுக்கோதுமை ரொட்டியும் உண்பவராக இருக்கக்கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அவருக்குக் கிடைத்த நன்மை, பூரியும் கேசரியும் உண்ட நமக்கும் தானாக வந்து சேரும் என்று கொள்ள முடியாது.

அசைவம் என்ற சொல்லும் இவ்வாறே அகலமானது. இந்திய அரசின் மாதிரிப் பதிவு முறையின்கீழ் 2014இல் எடுக்கப்பட்ட அடிப்படைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் 97 சதவீதத்துக்கும் அதிகமானோர் அசைவர். ஆனால் அவர்களுள் மிகப் பலர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறி சமைப்பவர்கள். செவ்வாய், வெள்ளி, புரட்டாசி, ஆடிக் கிருத்திகை என்று விலக்கு நாட்களும் உண்டு. அமெரிக்காவில் ஒருவருக்கு ஓராண்டுக்குக் கிடைக்கும் இறைச்சி 100 கிலோவைத் தாண்டுகிறது; இந்தியாவில் அது ஒற்றை இலக்கக் கிலோக்களில் நிற்கிறது. நாள்தோறும் இருவேளை மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ உண்பவரையும், வாரம் ஒரு முறை நான்கு துண்டு ஆட்டுக்கறி உண்பவரையும் அசைவர் என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். உடலைப் பொறுத்தவரை இவ்விருவரும் ஒரே பிரிவினர் அல்லர்.

ஆய்வுகளை எப்படிப் படிப்பது

உணவு ஆய்வுகளில் பெரும்பாலானவை கண்காணிப்பு ஆய்வுகள். ஆயிரக்கணக்கானோரிடம் அவர்கள் என்ன உண்கிறார்கள் என்று கேட்டுப் பதிவு செய்துகொண்டு, பத்து இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து, யாருக்கு எந்த நோய் வந்தது என்று கணக்கிடுவார்கள். மாத்திரைகளைச் சோதிப்பதுபோல், ஒரு குழுவை முப்பது ஆண்டுகள் கறி உண்ணச் செய்து மற்றொரு குழுவைத் தடுத்து வைக்க இயலாது என்பதால் இந்த வழி தவிர்க்க முடியாதது. இதில் ஒரு பெரிய இடர் உண்டு. சைவ உணவைத் தேர்ந்தெடுப்பவர்கள் வேறு பல வழக்கங்களிலும் மற்றவர்களிடமிருந்து வேறுபடுவதால், கிடைத்த நன்மை உணவால் வந்ததா, அந்த வழக்கங்களால் வந்ததா என்பதைப் பிரித்தறிவது கடினமாகிவிடுகிறது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் திருச்சபையினரைப் பற்றிய ஆய்வு. அவர்களில் பலர் சமயக் காரணத்தால் இறைச்சியை விலக்குபவர்கள். 2002இல் தொடங்கி அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 96,000 பேரைச் சேர்த்த அந்த ஆய்வில், 73,000 பேரின் தரவுகளை வைத்து 2013இல் வெளியான முடிவு, சைவர்களிடையே இறப்பு விகிதம் அசைவர்களைவிட 12 சதவீதம் குறைவு என்று காட்டியது. இந்தச் செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் அதே ஆய்வில் இறப்பு விகிதம் மிகக் குறைவாக இருந்த பிரிவு, இறைச்சியை விட்டு மீனை மட்டும் உண்டவர்களின் பிரிவு என்பதைப் பலர் கவனிக்கவில்லை; அவர்களையும் சைவர் கணக்கில் சேர்த்தே அந்த 12 சதவீதம் கணக்கிடப்பட்டது. புகையும் மதுவும் அத்திருச்சபையில் விலக்கப்பட்டவை என்பதால், அவ்விரண்டின் குறுக்கீடு அங்கே குறைவு என்பது இந்த ஆய்வின் வலிமை.

இங்கிலாந்தில் 1993 முதல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் நடத்திவரும் ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. அதில் சேர்ந்த சைவர்களின் இறப்பு விகிதம் அந்நாட்டுப் பொதுமக்களுடையதில் ஏறத்தாழ பாதிதான் இருந்தது. இத்துடன் நிறுத்தியிருந்தால் அது சைவத்தின் மாபெரும் வெற்றியாகத் தோன்றியிருக்கும். ஆனால் அதே ஆய்வில் சேர்ந்த அசைவர்களின் இறப்பு விகிதமும் அதே அளவுக்குக் குறைவாகவே இருந்தது. உடல்நலத்தில் அக்கறை கொண்டு, புகையைத் தவிர்த்து, தாமாக முன்வந்து இத்தகைய ஆய்வில் சேர்பவர்கள் எதை உண்டாலும் ஓரளவு நலமாக வாழ்கிறார்கள் என்பதே இதன் பொருள். ஆஸ்திரேலியாவில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து 2017இல் வெளியான ஆய்விலும் சைவருக்கும் அசைவருக்கும் இடையே மொத்த இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

இந்தியாவில் இந்தக் குழப்பம் வேறு வடிவம் எடுக்கிறது. லக்னோ, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு ஆகிய நகரங்களின் தொழிற்சாலை ஊழியர்களையும் அவர்களுடைய உறவினர்களையும் கொண்டு நடந்த ஆய்வு ஒன்று 2014இல் வெளியாயிற்று. சைவர்களின் கொழுப்பு அளவும் இரத்த அழுத்தமும் சற்றுக் குறைவாக இருந்தன. அதே சமயம் அவர்கள் கூடுதல் வசதி படைத்தவர்களாகவும், குறைவாகப் புகைத்து குறைவாக மது அருந்துபவர்களாகவும், உடலுழைப்பு குறைந்தவர்களாகவும் இருந்தார்கள். நம் நாட்டில் சைவம் என்பது தனிமனிதர் உடல்நலத்துக்காகத் தேர்ந்தெடுத்ததாக இருப்பதைவிடப் பிறந்த குடும்பத்தோடும் சாதியோடும் வருவதே அதிகம் என்பதால், மேற்கு நாட்டுச் சைவரின் உடற்பயிற்சிப் பழக்கமும் உணவு விழிப்புணர்வும் இங்கே அதனுடன் சேர்ந்து வருவதில்லை.

எண்களைப் படிப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆக்ஸ்போர்டு ஆய்வில் ஏறத்தாழ 48,000 பேரை 18 ஆண்டுகள் பின்தொடர்ந்த பிறகு 2019இல் வந்த முடிவின்படி, சைவர்களுக்கு மாரடைப்பு முதலிய இதயத்தமனி நோய் 22 சதவீதம் குறைவு. பக்கவாதமோ 20 சதவீதம் அதிகம். இந்த இரண்டு சதவீதங்களையும் பார்ப்பவர், ஒன்று மற்றொன்றைச் சரிசெய்துவிட்டது என்று எண்ணக்கூடும். உண்மையான தலைக்கணக்கு வேறு. ஆயிரம் பேரைப் பத்து ஆண்டுகள் பார்த்தால் இதயநோய் 10 பேருக்குக் குறைகிறது. பக்கவாதம் 3 பேருக்குக் கூடுகிறது. ஒரு நோய் எத்தனை பேருக்கு வருகிறது என்ற அடிப்படையை மறைத்துவிட்டுச் சதவீதத்தை மட்டும் சொல்லும் செய்தி நம்மை எளிதில் திசைதிருப்பும். இதயநோய் குறைந்ததற்கு ஒரு காரணம் அச்சைவர்களின் உடல் எடையும் கெட்ட கொழுப்பும் குறைவாக இருந்தது. பக்கவாதம் கூடியதற்கான காரணம் இன்னும் தெளிவாகவில்லை. தைவானில் பௌத்தத் தொண்டர்களிடையே நடந்து 2020இல் வெளியான ஆய்வில் சைவர்களுக்குப் பக்கவாதம் குறைவாகவே இருந்தது.

கண்காணிப்பு ஆய்வின் குறையை ஓரளவு தவிர்க்கும் சோதனைகளும் உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் ஒரே கரு இரட்டையர் 22 இணைகளைச் சேர்த்து, ஒவ்வோர் இணையிலும் ஒருவருக்குத் தாவர உணவையும் மற்றவருக்கு இறைச்சி கலந்த நல்ல உணவையும் 8 வாரங்கள் கொடுத்தார்கள். பிறப்பும் மரபும் ஒன்றாக இருந்தும் தாவர உணவு உண்டவரின் கெட்ட கொழுப்பு மற்றவருடையதைவிடத் தெளிவாகக் குறைந்தது என்று 2023இல் வெளியான முடிவு சொல்கிறது. ஆகவே, நன்கு திட்டமிட்ட சைவ உணவு இரத்தக் கொழுப்பைக் குறைக்கும், இதயத்துக்கு உதவும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ‘நன்கு திட்டமிட்ட’ என்ற அடைமொழிதான் இந்தக் கூற்றின் முழுப் பாரத்தையும் தாங்குகிறது.

இறைச்சி என்று ஒரே பொருள் இல்லை

2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 10 நாடுகளைச் சேர்ந்த 22 வல்லுநர்களைக் கூட்டி, பதப்படுத்தப்பட்ட இறைச்சி மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று அறிவித்தது. புகையிலை இருக்கும் அதே முதல் பட்டியலில் அது வைக்கப்பட்டதால், சாசேஜ் உண்பதும் சிகரெட் புகைப்பதும் ஒன்று என்று பலர் புரிந்துகொண்டார்கள். அது தவறான புரிதல். அந்தப் பட்டியல் சான்று எவ்வளவு உறுதியானது என்பதைக் குறிக்கிறது. தீங்கு எவ்வளவு பெரியது என்பதை அது அளப்பதில்லை. நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்தப்பட்ட இறைச்சி உண்பவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்பதே அவர்கள் சொன்ன அளவு. ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றின் சிவப்பு இறைச்சியை, ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற அடுத்த நிலையில் அவர்கள் வைத்தார்கள். கோழியும் மீனும் அந்த மதிப்பீட்டில் இடம்பெறவில்லை.

பதப்படுத்தப்பட்டது என்றால் உப்பிட்டு, புகையூட்டி, நொதிக்கவைத்து அல்லது நைட்ரைட் போன்ற பொருள்களைச் சேர்த்து நெடுநாள் கெடாமல் வைத்தது என்று பொருள். பேக்கன், ஹாம், சாசேஜ், சலாமி ஆகியவை இதில் அடங்கும். உப்பிட்டு உலர்த்தும் நம் ஊர் உப்புக்கண்டமும் வரையறைப்படி இதில்தான் சேரும். ஆயினும் அதை நாள்தோறும் உண்பவர் அரிது. கசாப்புக் கடையில் அன்று வெட்டி வாங்கி அன்றே குழம்பு வைக்கும் ஆட்டுக்கறி இந்த வகையில் வராது. உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம், சமைத்த நிலையில் வாரத்துக்கு 350 முதல் 500 கிராம் வரை சிவப்பு இறைச்சி போதும் என்றும், பதப்படுத்தியதை இயன்றவரை தவிர்க்குமாறும் அறிவுறுத்துகிறது. ஞாயிறு மட்டும் கறி உண்ணும் தமிழ்க் குடும்பத்தில் ஒருவருடைய பங்கு பெரும்பாலும் இந்த வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும். இப்போது நகரங்களில் வேகமாக மாறிவருவது வேறொன்று. உறையவைத்த சாசேஜும் நகட்டும் குழந்தைகளின் சிற்றுண்டியாகி, பொரித்த கோழி வாரத்தில் மூன்று நாள் உணவாகிவருகிறது. இறைச்சியின் பெயரால் கவலைப்பட வேண்டிய இடம் அதுவே.

குன்னூரில் ஒரு பழைய பாடம்

இந்திய உணவு ஆய்வின் தொடக்கம் நீலகிரியில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற ஆங்கிலேய அரசின் மருத்துவர், நரம்புகளையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி என்ற நோயை ஆராயத் தொடங்கினார். அந்தச் சிறு பிரிவுதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாகியிருக்கிறது. மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவுகளை எலிக்குட்டிகளுக்குக் கொடுத்து அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டார். சீக்கியரின் உணவு பெற்ற எலிகள் மிக நன்றாக வளர்ந்தன. சென்னை மாகாணத்து அரிசி உணவு பெற்றவை வரிசையின் கடைசியில் நின்றன.

இந்த முடிவைப் பார்த்ததும், பஞ்சாபியர் கறி உண்டதால் வென்றார்கள் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்த எலிகளுக்குத் தரப்பட்ட உணவில் தவிடு நீக்காத கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி ஆகியவை முதன்மையாக இருந்தன. இறைச்சி வாரத்துக்கு ஒரு முறை மட்டுமே. சென்னை உணவிலோ தீட்டிக் கழுவிய அரிசியே பெரும்பங்கு. பாலும் பருப்பும் காயும் பெயரளவுக்கு. தவிட்டோடு தயாமின் என்ற பி1 வைட்டமின் போய்விடுவதால்தான் அரிசி உண்ணும் பகுதிகளில் பெரிபெரி பரவியது. எலியின் வளர்ச்சியை மனிதரின் நீண்ட ஆயுளோடு ஒப்பிடுவது சரியன்று. ஒவ்வோர் இனத்தாருக்கும் ஒரே உணவு என்று பிரித்த அந்தக் காலத்துப் பார்வையும் இன்று ஏற்கத்தக்கதன்று. ஆயினும், தீட்டிய அரிசி தட்டை நிரப்பிவிட்டால் மற்றவற்றுக்கு இடமில்லாமல் போய்விடும் என்று அந்தச் சோதனை காட்டியது நூறாண்டு கழித்தும் நம்மைத் துரத்துகிறது.

சென்னையில் 2001 முதல் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், நகர மக்கள் ஒரு நாளில் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ பாதி தீட்டிய தானியங்களிலிருந்தே வருவதாகவும், அவற்றை அதிகம் உண்பவர்களிடையே சர்க்கரை நோய் கூடுதலாக இருப்பதாகவும் தெரியவந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு 2023இல் இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளியானபோது, இந்தியரின் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து கிடைக்கிறது என்பதும், அதில் ஒரு சிறு பங்கைப் பருப்பு, பால் போன்றவற்றின் புரதம் பிடித்துக்கொண்டால் நோய் வாய்ப்பு குறைகிறது என்பதும் புலப்பட்டன. அரிசிக்குப் பதில் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறிவிட்டு, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் விட்டால் அந்த நன்மை கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் இரண்டு லட்சம் செவிலியர்களையும் பிற மருத்துவப் பணியாளர்களையும் ஆராய்ந்த ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 2017இல் இதையே வேறு வகையில் காட்டினார்கள். தாவர உணவை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். முழுத்தானியம், காய், பழம், பருப்பு, கொட்டைகள் ஆகியவற்றை மிகுதியாக உண்டவர்களுக்கு இதயநோய் வாய்ப்பு 25 சதவீதம் குறைந்தது. தீட்டிய தானியம், உருளைக்கிழங்கு வறுவல், இனிப்பு, சர்க்கரை பானம் ஆகியவற்றை மிகுதியாக உண்டவர்களுக்கு 32 சதவீதம் கூடியது. இரண்டுமே தாவர உணவுகள்தாம். மைதா, சர்க்கரை, வனஸ்பதி ஆகியவற்றில் விலங்குப் பொருள் எதுவும் இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த முடிவு நமக்கு வியப்பளிக்காது.

சைவ உணவில் விடுபடக்கூடியவை

சைவர்கள் எதையாவது ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும் என்றால் அது பி12 வைட்டமின். இரத்த அணுக்கள் உருவாவதற்கும் நரம்புகளின் உறை சிதையாமல் இருப்பதற்கும் அது வேண்டும். ஒரு நாளைக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ இரண்டு மைக்ரோகிராம்தான்; ஆனால் அதைச் செடிகொடிகள் உற்பத்தி செய்வதில்லை. பாக்டீரியாக்களே அதை ஆக்குகின்றன. ஆடு மாடுகளின் இரைப்பையில் அவை ஆக்கியது இறைச்சிக்கும் பாலுக்கும் வந்து சேர்கிறது. 1926இல் மைனாட், மர்ஃபி என்ற அமெரிக்க மருத்துவர்கள் கொடிய இரத்தசோகை நோயாளிகளுக்கு நாள்தோறும் நிறைய ஈரல் கொடுத்து உயிர் பிழைக்கவைத்தார்கள். ஈரலில் இருந்த அந்தப் பொருள் பி12தான் என்பது, அது தனியாகப் பிரித்தெடுக்கப்பட்ட 1948இல்தான் தெளிவாயிற்று.

காந்தியடிகளின் வாழ்க்கை இங்கே நினைவுக்கு வருகிறது. 1912இல் தென்னாப்பிரிக்காவில் அவர் பாலையும் துறந்து பழங்களும் கொட்டைகளும் கொண்ட உணவுக்கு மாறினார். 1918இல் சீதபேதியால் உடல் நலிந்து தேற முடியாமல் கிடந்தபோது, பாலுக்கு ஈடான தாவரப் பொருளை அவர் தேடியும் கிடைக்கவில்லை. பசு, எருமைப் பால்களை மனத்தில் வைத்தே நோன்பு ஏற்றதாகக் கருதி, இறுதியில் ஆட்டுப்பாலை ஏற்றுக்கொண்டார். அவரை வாட்டியது பி12 குறைபாடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாலையும் விட்டுவிட்ட ஒருவர் தம் உடலைக் கவனத்தோடு ஆராய்ந்து கண்ட இடைவெளியில் ஒரு பகுதியையாவது இன்று நாம் பெயர் சொல்லி அறிவோம். அதை நிரப்ப விலங்கைச் சாராத மாத்திரையும் கிடைக்கிறது.

ஒரு குவளை பாலில் ஏறத்தாழ ஒரு மைக்ரோகிராம் பி12 கிடைக்கும். ஆகவே நாளுக்கு அரை லிட்டர் அளவுக்குப் பாலும் தயிருமாக எடுத்துக்கொள்ளும் சைவருக்குப் பெரும்பாலும் தட்டுப்பாடு வராது. காப்பியில் கலந்த இரண்டு கரண்டிப் பாலும் நீர்மோரும் மட்டுமே என்றால் போதாது. முளைகட்டிய பயறு, சுருள்பாசி, புளித்த இட்லி மாவு ஆகியவற்றில் பி12 இருப்பதாகப் பகிரப்படும் தகவல்களை நம்பி இருக்கக் கூடாது. ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு வெளியே தெரியச் சில ஆண்டுகள் ஆகும். கை கால் மரத்துப்போதல், ஓயாத சோர்வு, மறதி என்று மெல்லத் தொடங்கி, முதுமையால் வந்தது என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உட்கொள்பவர்களுக்கும், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை நெடுநாள் எடுப்பவர்களுக்கும் பி12 உடலில் சேர்வது குறைகிறது. சைவராகவும் சர்க்கரை நோயாளியாகவும் இருக்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், மருத்துவரிடம் கேட்டு ஓர் எளிய இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதன் தேவை விளங்கும். பாலும் உண்ணாத நனிசைவர்கள், குறிப்பாகக் கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மார்களும், பி12 மாத்திரையைத் தவிர்க்கவே கூடாது. தாயிடம் குறைந்தால் குழந்தையின் நரம்பு வளர்ச்சி பாதிக்கப்படும்.

இரும்புச்சத்தைப் பற்றிய பொதுக்கருத்து வேறு வகையில் தவறானது. இறைச்சியில் உள்ள இரும்பை உடல் எளிதில் ஈர்த்துக்கொள்கிறது; கீரையிலும் பயறிலும் உள்ளதை அவ்வளவு எளிதில் ஈர்ப்பதில்லை. எனவே சைவர்களுக்கே இரத்தசோகை வரும் என்று எண்ணுகிறோம். ஆனால் 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. பெரும்பான்மையோர் அசைவராக உள்ள மாநிலத்தின் நிலை இது. வாரம் ஒரு நாள் சமைக்கும் கறியில் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிய பிறகு குழம்பு மட்டும் மிஞ்சும் வீடுகளில் அந்தப் பெண்ணை அசைவர் என்று கணக்கெடுப்பதில் பொருளில்லை. இது என்னை மிகவும் வருத்தும் உண்மை. சைவமோ அசைவமோ, பயறுடனும் கீரையுடனும் எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்ற வைட்டமின் சி நிறைந்த பொருளைச் சேர்ப்பது இரும்பை ஈர்க்க உதவும். உணவோடு சேர்த்துத் தேநீரோ காப்பியோ குடிப்பது தடுக்கும். பயறை ஊறவைத்தல், முளைகட்டுதல், மாவைப் புளிக்கவைத்தல் ஆகிய நம் வழக்கங்கள் இரும்பையும் துத்தநாகத்தையும் கட்டிவைக்கும் ஃபைட்டேட்டைக் குறைக்கின்றன.

புரதத்தைப் பொறுத்தவரை, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் என்று பரிந்துரைக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். 250 கிராம் அரிசி, 75 கிராம் பருப்பும் பயறும், 400 மில்லி பாலும் தயிரும், ஒரு பிடி நிலக்கடலை ஆகியவற்றிலிருந்து அது கிடைத்துவிடும். அரிசியில் குறையும் லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் இருக்கிறது. பருப்பில் குறையும் மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. பருப்புச் சோறும் வெண்பொங்கலும் இந்த இரண்டையும் இணைத்துவிடுகின்றன. குறை எங்கே என்றால் அளவில்தான். ஒருவர் பங்குக்கு 15 கிராம் பருப்பு மட்டுமே கரைந்திருக்கும் நீர்த்த சாம்பாரில் கிடைக்கும் புரதம் மூன்று கிராமுக்குச் சற்று மேல். அதை நம்பி மூன்று கரண்டிச் சோறு உள்ளே போகிறது.

எலும்பின் வலிமையும் கவனத்துக்குரியது. ஆக்ஸ்போர்டு ஆய்வின் 2020ஆம் ஆண்டு முடிவில், நனிசைவர்களுக்கு எலும்பு முறிவு அசைவர்களைவிட 43 சதவீதம் அதிகமாக இருந்தது. இடுப்பெலும்பு முறிவு இரண்டு மடங்குக்கும் மேல். கால்சியமும் புரதமும் குறைவாக இருந்ததும் உடல் எடை குறைவாக இருந்ததும் இதில் பங்கு வகித்தன. பால் உண்ணாதவர்கள் கேழ்வரகையும் எள்ளையும் கீரையையும் நாள்தோறும் சேர்த்தால் கால்சியம் கிடைக்கும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேல் உண்டு. மீனில் உள்ள நீண்ட சங்கிலி ஒமேகா-3 கொழுப்புக்குத் தாவரத்தில் நேரான ஈடு இல்லை. ஆளிவிதையிலும் அக்ரூட்டிலும் இருப்பதில் சிறு பங்கையே உடல் அதுவாக மாற்றிக்கொள்கிறது. கடற்கரை ஊர்களில் மலிவாகக் கிடைக்கும் மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி ஆகியவை, வஞ்சிரத்துக்குக் கொடுக்கும் விலையில் பாதிகூட இல்லாமல், இந்தக் கொழுப்பையும், முள்ளோடு மென்று உண்ணும் சிறு மீன்களாக இருந்தால் கால்சியத்தையும் தருகின்றன.

சமையலறையில்

2024இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, ஒரு நாளின் உணவில் அளவால் பாதி காயும் கீரையும் கிழங்கும் பழமுமாக இருக்க வேண்டும் என்றும், தானியத்திலிருந்து பெறும் ஆற்றல் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. பருப்பு, முட்டை, இறைச்சி ஆகியவற்றை அது ஒரே இடத்தில் வைத்துப் பேசுகிறது. அவற்றுள் எதைத் தேர்வது என்பதை உண்பவரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது. சைவக் குடும்பத்துக்கு இதன் நடைமுறைப் பொருள், சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் கெட்டியான பருப்பையோ சுண்டலையோ வைப்பது. உருளை வறுவலை வாரத்துக்கு ஒரு முறையாக்கிக் கீரையையும் காயையும் இருமடங்காக்குவது. அப்பளம், ஊறுகாய் ஆகியவற்றின் வழியே வரும் உப்பைக் குறைப்பது. தயிரை நீர்க்கச் செய்யாமல் ஒரு கிண்ணம் முழுமையாக உண்பது.

கறி உண்ணும் குடும்பத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை வாங்கும் அரைக் கிலோ ஆட்டுக்கறியோடு முருங்கைக்காயோ பூசணியோ பருப்போ சேர்த்துக் குழம்பாக வைத்தால் அதே கறி இன்னும் இருவருக்குப் பரவும். வாரத்தில் இரண்டு நாள் சிறு மீன், மற்ற நாட்களில் முட்டையோ பயறோ என்று வைத்துக்கொண்டு, பொரிப்பதைவிடக் குழம்பாகவும் புட்டாகவும் சமைத்தால் எண்ணெயும் மிச்சமாகும். பரிமாறும்போது, வீட்டில் மாதவிலக்கு வயதில் இருக்கும் பெண்களின் தட்டில் ஈரலும் கறித்துண்டும் முதலில் விழட்டும்.